வாற்கோதுமை முற்றினால்தான் நிசான்

எருசலேமில் ஆலயக் குன்றின் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டு ரபான் கமாலியேல் கடிதம் சொல்வார். எதிரே யோகனான் என்ற எழுத்தர் அதை எழுதிக்கொள்வார். இந்தக் காட்சியை யூதர்களின் தல்மூத் நூல் குறித்து வைத்திருக்கிறது. பாபிலோனிலும் மேதியாவிலும் குடியேறியிருந்த யூதர்களுக்குப் போன கடிதத்தின் சாரம் இது: ஆட்டுக்குட்டிகள் இன்னும் இளசாகவே இருக்கின்றன, புறாக்குஞ்சுகள் பெரிதாகவில்லை, வயலில் கதிரும் பிடிக்கவில்லை. எனவே இந்த ஆண்டோடு முப்பது நாள் சேர்த்துக்கொள்ளும்படி அவரும் அவருடைய தோழர்களும் முடிவு செய்திருக்கிறார்கள்.

ஆண்டோடு ஒரு மாதத்தைச் சேர்ப்பது ஏதோ கடைக் கணக்கில் ஒரு வரி கூட்டுவது மாதிரி இங்கே நடக்கிறது. காரணமாக எந்த நட்சத்திரத்தையும் எந்தச் சூத்திரத்தையும் அவர் காட்டவில்லை. ஆடு, புறா, கதிர், அவ்வளவுதான். அப்போஸ்தலர் பவுல் யாருடைய பாதத்தருகே வேதம் கற்றாரோ அந்தக் கமாலியேல்தான் இவர் என்பது பலருடைய கருத்து. அப்படியென்றால் புதிய ஏற்பாட்டு மனிதர்கள் வாழ்ந்த அதே நகரத்தில், அதே தலைமுறையில், காலண்டர் வயலைக் கேட்டுத்தான் நடந்தது.

தள்ளிப்போன அந்த மாதம் நிசான். யாத்திராகமத்தில் இதற்கு ஆபிப் என்று பெயர். பாபிலோன் சிறையிருப்புக்குப் பிறகு அந்த ஊர்ப் பெயரான நிசான் ஒட்டிக்கொண்டது. எஸ்தர், நெகேமியா புத்தகங்களில் அந்தப் பெயரே வருகிறது. எகிப்திலிருந்து புறப்பட்ட இரவிலிருந்து இதை முதல் மாதமாக எண்ண வேண்டும் என்பது மோசேக்கு வந்த கட்டளை. பத்தாம் நாள் ஆட்டுக்குட்டியைத் தெரிந்தெடுத்து, பதினான்காம் நாள் அந்தியில் பஸ்காவாக அடிப்பார்கள். அதைத் தொடர்ந்து ஏழு நாள் புளிப்பில்லாத அப்பம். இயேசு பாடுபட்டு மரித்ததும், கல்லறை காலியாகக் கிடந்ததும் இந்தச் சில நாட்களுக்குள்தான். கிறிஸ்தவ விசுவாசியின் ஆண்டில் இதைவிடக் கனமான மாதம் வேறில்லை. ஆனாலும் நம் சபைகளில் அதன் பெயர் அதிகம் காதில் விழுவதில்லை.

காதில் விழும் இடத்தில் வேறொரு சிக்கல். ஒவ்வொரு மாதத்தின் முதல் நாளும் வாக்குத்தத்த ஆராதனை நடத்தும் பழக்கம் தமிழ்ச் சபைகளில் பரவலானது. சில ஆண்டுகளாக உலகெங்கும் சில பெந்தெகொஸ்தே வட்டாரங்களில் அது எபிரெய மாதங்களுக்கும் தாவியிருக்கிறது. நிசானுக்கு இன்ன எழுத்து, இன்ன கோத்திரம், இன்ன ராசி, ஆகவே இந்த மாதம் உங்களுக்கு இன்ன ஆசீர்வாதம் என்று பட்டியல் போடுகிறார்கள். எழுத்தையும் ராசியையும் மாதத்தோடு இணைக்கும் வழக்கம் செஃபர் யெட்சிரா என்ற யூத மறைஞான நூலில் இருக்கிறது. மோசேயின் ஐந்து புத்தகங்களில் தேடினால் கிடைக்காது. இந்தப் பட்டியல்கள் எனக்கு ருசிப்பதில்லை. கண்ணால் பார்க்கவும் கையால் கசக்கவும் முடிந்த ஒரு பயிரின் மேல் நிற்கிற மாதத்தை அவை வெறும் மந்திர எண்ணாக்கிவிடுகின்றன. அந்தப் பயிரே போதிய அதிசயம்.

முதலில் நிலவைப் பார்ப்போம். ஒரு பிறையிலிருந்து அடுத்த பிறைக்குச் சராசரியாக 29.53 நாள். பன்னிரண்டு முறை சுற்றினால் 354 நாள் சொச்சம். சூரியனுடைய ஆண்டோ 365 நாளும் கால் நாளுக்குச் சற்றுக் குறைவும். ஆண்டுக்குப் பதினோரு நாள் துண்டு விழுகிறது. அந்தத் துண்டைக் கண்டுகொள்ளாமல் விடுவது ஒரு வழி. இஸ்லாமியக் காலண்டர் அப்படிச் செய்வதால்தான் ரமலான் ஒரு சமயம் கோடையிலும் இன்னொரு சமயம் மழைக்காலத்திலும் வருகிறது. நிலவை மாதக் கணக்கிலிருந்து விலக்கிவிட்டுச் சூரியனோடு மட்டும் போவது இன்னொரு வழி. நம்முடைய சித்திரையும் தையும் அப்படித்தான். இரண்டையும் விடமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தால், இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பதின்மூன்றாவது மாதம் ஒன்றை நுழைக்க வேண்டும். தெலுங்கர்களும் கன்னடர்களும் அதை அதிக மாசம் என்கிறார்கள். யூதர்கள் நிசானுக்கு முந்திய ஆதார் மாதத்தை இரட்டிப்பாக்குகிறார்கள்.

எந்த ஆண்டில் நுழைப்பது? இதற்கு நல்ல கணக்கு ஒன்று உண்டு. 19 சூரிய ஆண்டும் 235 நிலவு மாதமும் ஏறக்குறைய ஒரே நீளம். வித்தியாசம் இரண்டு மணி நேரம் மட்டுமே. ஆகவே 19 ஆண்டில் ஏழு முறை கூடுதல் மாதம் போட்டால் போதும். பாபிலோனிய வானியலாளர்கள் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். ஆனால் இரண்டாம் ஆலயக் காலத்து எருசலேமில் முடிவு எடுத்தது மூப்பர் சபை. அவர்கள் மூன்று சாட்சிகளைக் கேட்டார்கள்: வாற்கோதுமைக் கதிர், மரங்களின் கனி, வசந்தகாலச் சம இரவு நாள். மூன்றில் இரண்டு பிந்தியிருந்தால் மாதம் கூட்டப்படும். கதிரை ஒரே இடத்தில் பார்த்து முடிவு கட்டவும் இல்லை. யூதேயா, யோர்தானுக்கு அக்கரை, கலிலேயா ஆகிய மூன்று பகுதிகளில் இரண்டிலாவது பார்த்தார்கள். மழையில் சாலைகளும் பாலங்களும் கெட்டுக் கிடந்தாலோ, பஸ்கா ஆட்டைச் சுடுகிற மண் அடுப்புகள் இன்னும் காயவில்லை என்றாலோ அதற்காகவும் மாதத்தைத் தள்ளலாம். வெளியூரிலிருந்து வருகிற ஏழை யாத்திரிகனுடைய காலை நினைத்து வானத்தையே முப்பது நாள் நிறுத்தி வைக்கும் சட்டம் இது. உலகத்தில் வேறெங்கும் இப்படி ஒன்று இருந்ததா என்று எனக்கு வியப்புத்தான்.

இப்போது வாற்கோதுமை. நமக்குப் பார்லி என்றால் காய்ச்சலுக்குக் கொடுக்கும் கஞ்சித் தண்ணீர். மத்தியத்தரைக் கடலின் கிழக்குக் கரையில் அது மனித வரலாற்றின் முதல் பயிர்களில் ஒன்று. கலிலேயாக் கடலோரத்தில் ஓஹாலோ என்ற இடத்தில் ஏறத்தாழ 23,000 ஆண்டுகளுக்கு முன் மீன்பிடித்து வாழ்ந்த மக்கள் காட்டு வாற்கோதுமையைச் சேகரித்துத் தின்ற தடயம் கிடைத்திருக்கிறது. மசாதா கோட்டைக்கு அருகே யோராம் குகையில் 6,000 ஆண்டு பழமையான மணிகள் வறட்சியில் கெடாமல் இருந்தன. 2016-இல் அவற்றின் மரபணுவைப் படித்துப் பார்த்தபோது, இன்று அதே வட்டாரத்தில் விளைகிற வாற்கோதுமைக்கு அவை மிக நெருங்கிய உறவு என்று தெரிந்தது. மோசேக்கு வெகுகாலம் முன்பே அந்த மண்ணுக்குப் பழகிய பயிர் இது.

காட்டு வாற்கோதுமையில் கதிர் முற்றியதும் அதன் காம்பு கணு கணுவாக உடைந்து மணிகள் தரையில் கொட்டிவிடும். செடிக்கு அது நல்லது, மனிதனுக்கு நஷ்டம். இரண்டு மரபணுக்களில் ஏதாவது ஒன்று பழுதாகிப்போன செடிகளில் மட்டும் கதிர் உடையாமல், அரிவாளுக்குக் காத்திருந்தது. அந்தப் பழுதான செடிகளைத்தான் மனிதன் விதைத்து விதைத்து வளர்த்தான். லேவியராகமம் கேட்கிற கதிர்க்கட்டைக் கட்டித் தூக்கிக்கொண்டு ஆலயம் வரை போக முடிந்ததே அதனால்தான்.

நிசானின் ரகசியம் இன்னொரு மரபணுவில் இருக்கிறது. பிபிடி-எச்1 என்று அதற்குப் பெயர். பகல் எவ்வளவு நீளம் என்பதை வாற்கோதுமை இதைக் கொண்டு உணர்கிறது. முன்மாரி விழுந்ததும், கார்த்திகை மார்கழியில், அங்கே விதைக்கிறார்கள். டிசம்பரில் எருசலேமில் பகல் பத்து மணி நேரம்தான். செடி இலையும் தூருமாக அடங்கிக் கிடக்கும். மார்ச்சில் பகல் பன்னிரண்டு மணி நேரத்தைத் தாண்டும்போது செடிக்குள் அவசரம் பிறக்கிறது. கதிர் விடுகிறது, பால் பிடிக்கிறது, பின்மாரியின் கடைசித் தூறலைக் குடித்து மணி திரள்கிறது. கோடையில் அந்த நாட்டில் மழை என்பதே கிடையாது. வறட்சி வருவதற்குள் வேலையை முடித்துக்கொள்ளாத செடிக்கு வம்சம் இல்லை. வட ஐரோப்பாவில் கோடையிலும் ஈரம் உண்டு என்பதால் அங்கே விளையும் வாற்கோதுமையில் இந்த மரபணு மாறிப்போய், செடி நிதானமாகப் பூக்கிறது. பலஸ்தீன மண்ணின் வாற்கோதுமைக்கு அந்தச் சொகுசு கிடையாது.

அப்படியானால் கமாலியேலின் தோழர்கள் வயலில் கதிரைக் கசக்கிப் பார்த்தபோது உண்மையில் பார்த்தது என்ன? சூரியனை. நிழற்கம்பம் நட்டு, சம இரவு நாளைக் குறித்து வைத்து வானியலாளன் அறிவதை, ஒவ்வொரு செடியும் தன் உயிரணுக்களுக்குள் பகலின் நீளத்தை அளந்து சொல்லிக்கொண்டிருந்தது. பிறை மாதத்தைச் சொன்னது, பயிர் ஆண்டைச் சொன்னது. இரண்டும் சந்தித்த இடம் நிசான். செடி வெறும் வெளிச்சத்தை மட்டும் பார்ப்பதில்லை என்பதும் உண்மை. குளிர் நீண்டாலும் மழை பிந்தினாலும் கதிர் தாமதமாகும். அதனால்தான் ஒரு சாட்சி போதாது, இரண்டு வேண்டும் என்றார்கள் போலும்.

ஆபிப் என்பது கதிரின் ஒரு பக்குவம். மணி நிறைந்திருக்கும், நிறம் இன்னும் பச்சையாக இருக்கும். நெருப்பில் வாட்டித் தின்னலாம். அந்தப் பக்குவத்தை வேதாகமம் ஓரிடத்தில் அப்படியே படம்பிடித்திருக்கிறது. எகிப்தில் கல்மழை பெய்தபோது வாற்கோதுமையும் சணலும் அழிந்தன. ஒன்று கதிர்ப் பயிராக இருந்தது, மற்றது தாள் விட்டிருந்தது. கோதுமை பின்பயிர் ஆனதால் தப்பியது. வாதைகளின் கதையைச் சொல்ல வந்தவர் எதற்கு இந்த வேளாண் குறிப்பை இடையில் செருகினார்? கேட்பவர்கள் விவசாயிகள் என்பதால். மாதம் எது என்று அவர்களுக்குச் சொல்லத் தேவையில்லாமல் போனது.

சணலைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கதைக்குப் போகலாம். எரிகோவில் ராகாப் வேவுகாரர்களை ஒளித்து வைத்தது மாடியில் பரப்பியிருந்த சணல் தட்டைகளுக்குள். சில நாள் கழித்து, முதல் மாதம் பத்தாம் நாள், இஸ்ரவேலர் யோர்தானைக் கடக்கிறார்கள். அறுப்புக்காலம் முழுவதும் யோர்தான் கரைபுரண்டு போகும் என்று அங்கே ஒரு குறிப்பு இருக்கிறது. எர்மோன் மலையின் பனி உருகி வரும் காலமும் குளிர்கால மழை ஓயும் காலமும் அதுதான். 1908-இல் கேசேர் என்ற பழைய நகரத்தின் மேட்டைத் தோண்டிய மெக்காலிஸ்டருக்கு உள்ளங்கை அகலச் சுண்ணாம்புக்கல் ஒன்று கிடைத்தது. கி.மு. பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்தக் கல் இன்று இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆண்டின் வேலைகளை அது மாதவாரியாகச் சொல்கிறது: விதைப்பு, பின்விதைப்பு, பிறகு சணல் பிடுங்கும் மாதம், அதையடுத்து வாற்கோதுமை அறுக்கும் மாதம். ராகாபின் மாடியில் காய்ந்த சணலும், சில நாளில் கரை மீறிய ஆறும், கில்காலில் ஆசரித்த பஸ்காவும், மறுநாள் அவர்கள் தின்ற நிலத்தின் விளைச்சலும், அன்றோடு நின்றுபோன மன்னாவும் இந்த வரிசைக்குள் பிசகில்லாமல் உட்காருகின்றன.

சுவிசேஷங்களிலும் அப்படியே. ஐயாயிரம் பேருக்கு உணவளித்த நிகழ்ச்சியை யோவான் சொல்லும்போது பஸ்கா நெருங்கியிருந்தது என்கிறார். பையனிடம் இருந்தவை வாற்கோதுமை அப்பங்கள் என்பதும் அவர் ஒருவர் மட்டும் தரும் தகவல். அந்த அப்பம் ஏழையின் உணவு. மாற்கு மாதத்தைக் குறிப்பிடவே இல்லை. ஜனங்கள் பசும்புல்லின் மேல் உட்கார்ந்தார்கள் என்று மட்டும் எழுதிவிட்டுப் போகிறார். கலிலேயாக் குன்றுகளில் சில வாரமே புல் பச்சையாக இருக்கும். மே முடிவதற்குள் எல்லாம் வைக்கோல் நிறம். ஒருவர் காலண்டரைப் பார்த்துச் சொன்னதையே மற்றவர் தரையைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார். இலை இருந்தும் காய் இல்லாத அத்திமரமும், பேதுரு குளிர்காய்ந்த கரிநெருப்பும் இதே மாதத்துச் சாட்சிகள். எருசலேம் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 750 மீட்டர் உயரம். நிசான் இரவில் அங்கே குளிரும்.

பதினான்காம் நாள் என்றால் முழுநிலவு. பிறை தெரிந்த அந்தியிலிருந்து எண்ணும் மாதத்தில் இது தப்பவே தப்பாது. கெத்செமனேயில் அன்றிரவு நிலா காய்ந்திருக்கும். பிடிக்க வந்தவர்கள் தீவட்டியும் விளக்கும் எடுத்து வந்தார்கள் என்பது அதனாலேயே வினோதமாகத் தோன்றுகிறது. ஒலிவ மரங்களின் அடர்ந்த நிழலில் ஆள் அடையாளம் காண வேண்டியிருந்திருக்கலாம்.

முழுநிலவு இன்னொரு பழைய வழக்கையும் தீர்த்து வைக்கிறது. சிலுவையில் இயேசு தொங்கியபோது நண்பகலிலிருந்து மூன்று மணி நேரம் இருள் சூழ்ந்தது என்கின்றன சுவிசேஷங்கள். அது சூரிய கிரகணம் என்று தல்லுஸ் என்ற வரலாற்றாசிரியர் எழுதியிருந்தாராம். மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிறிஸ்தவ அறிஞர் ஜூலியஸ் ஆஃப்ரிகானுஸ் அதை மறுத்தார். பஸ்காவின்போது நிலவு சூரியனுக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது, சூரியனை மறைக்க அது எப்படி வரும் என்பது அவர் கேள்வி. சரியான கேள்வி. சூரிய கிரகணம் அமாவாசையில் மட்டுமே நிகழும். முழுக் கிரகணமும் ஓரிடத்தில் ஏழரை நிமிடத்துக்கு மேல் நீடிப்பதில்லை. வசந்தத்தில் பாலைவனத்திலிருந்து வீசும் புழுதிக்காற்று அங்கே வானத்தை மங்க வைப்பது உண்டு. ஆனால் அதுதான் காரணம் என்று சொல்ல ஆதாரம் எதுவும் இல்லை. கிரகணத்தை வைத்து அற்புதத்தை நிரூபிக்கப் புறப்படுகிறவர்களை ஆயிரத்து எண்ணூறு ஆண்டுக்கு முன்பே ஒரு விசுவாசி வானியலைக் கொண்டு தடுத்து நிறுத்தியிருக்கிறார் என்பது எனக்குப் பிடித்த செய்தி.

பொந்தியு பிலாத்து கி.பி. 26 முதல் 36 வரை அதிபதியாக இருந்தான். அந்த ஆண்டுகளில் நிசான் பதினான்கு வெள்ளிக்கிழமையில் வந்தது எப்போது? நியூட்டன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தார். அவர் இறந்த பிறகு 1733-இல் வெளியான நூலில் அது இருக்கிறது. அவர் சாய்ந்தது கி.பி. 34 ஏப்ரல் 23 பக்கம். இன்றைய ஆய்வாளர்களிடம் அதிகம் அடிபடுபவை இரண்டு நாட்கள்: 30 ஏப்ரல் 7, 33 ஏப்ரல் 3. ஹம்ஃப்ரீஸ், வாடிங்டன் என்ற இருவர் 1983-இல் நேச்சர் இதழில் இரண்டாவதை ஆதரித்து எழுதினார்கள். அன்று மாலை எருசலேமில் நிலவு உதித்தபோது அதன் மேல் பூமியின் நிழல் விழுந்திருந்தது என்றும் காட்டினார்கள். அந்தச் சிறு நிழல் கண்ணுக்குத் தெரிந்திருக்குமா என்பதில் பிறகு வந்தவர்களுக்குச் சந்தேகம் உண்டு.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய பிறையை இன்று கணினி துல்லியமாகச் சொல்லிவிடும். அந்த ஆண்டு மழை பிந்தியதா, கதிர் முற்றாமல் மாதத்தைத் தள்ளிவைத்தார்களா என்பதைச் சொல்லாது. மனித வரலாற்றில் மிக அதிகமாக எண்ணிப் பார்க்கப்பட்ட வெள்ளிக்கிழமையின் தேதி, யாரும் எழுதி வைக்காத ஒரு வாற்கோதுமை விளைச்சலில் தொக்கி நிற்கிறது.

பஸ்காவின் வாரத்திலேயே முதற்பலனின் நாளும் வருகிறது. அறுப்பில் முதல் கதிர்க்கட்டை ஆசாரியனிடம் கொண்டுவர வேண்டும். அவன் அதை அசைவாட்டும் வரை புது மகசூலில் ஒரு மணியைக்கூட யாரும் வாயில் போடக்கூடாது. யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா இந்த அறுப்பைச் சுவையாக வருணிக்கிறது. பண்டிகையின் முதல் நாள் இருட்டியதும் எருசலேமுக்கு அருகிலுள்ள வயலில் சுற்று ஊர்க்காரர்கள் கூடுவார்கள். அறுப்பவன் உரக்கக் கேட்பான், சூரியன் மறைந்துவிட்டதா என்று. கூட்டம் ஆம் என்னும். இந்த அரிவாளா, இந்தக் கூடையா, அறுக்கட்டுமா என்று ஒவ்வொன்றும் மூன்று முறை. இத்தனை ஆரவாரம் ஒரு தகராறினால் வந்தது. ஓய்வுநாளின் மறுநாள் கதிர்க்கட்டு என்று வேதம் சொல்லும்போது எந்த ஓய்வுநாள்? பண்டிகையின் முதல் நாள் என்றார்கள் பரிசேயர் வழிவந்தவர்கள். அவர்களுக்கு அது நிசான் 16. வாரத்தின் சனிக்கிழமை என்றார்கள் எதிரணியினர்; அவர்களுக்கு அது எப்போதும் ஞாயிறு. யோவான் தரும் கணக்குப்படி இயேசு மரித்த வெள்ளி நிசான் 14 என்றால், அந்த ஆண்டு மட்டும் சண்டைக்கு வேலை இல்லை. பதினாறாம் தேதியே ஞாயிறாகவும் வந்துவிட்டது. மற்ற மூன்று சுவிசேஷங்களும் இராப்போஜனத்தையே பஸ்கா விருந்தாகக் காட்டுகின்றன. அதன்படி வெள்ளி பதினைந்து ஆகிறது. அந்த முடிச்சை அவிழ்க்க அறிஞர்கள் இன்னும் முயன்றுகொண்டிருக்கிறார்கள்.

உயிர்த்தெழுந்த கிறிஸ்துவைப் பவுல் முதற்பலன் என்றழைத்தது இந்தப் பின்னணியில்தான். முதற்பலன் என்பது முதலிடம் பெற்றது என்ற புகழ்ச்சி அல்ல. விவசாயிக்கு அது ஒரு ஆதாரம். ஒரு கட்டுக் கதிர் முற்றி வந்துவிட்டது என்றால் மீதி வயலும் வந்துகொண்டிருக்கிறது, ஏனென்றால் எல்லாச் செடியும் ஒரே பகலைத்தான் அளந்துகொண்டிருக்கிறது. கொரிந்து சபைக்கு அவர் வைத்த வாதமே அதுதான்: ஒருவர் எழுந்தார், ஆகவே மற்றவர்களும் எழுவார்கள். அங்கிருந்து ஐம்பது நாள் எண்ணினால் கோதுமை அறுப்பு, பெந்தெகொஸ்தே. ஆவியானவர் இறங்கிய நாளும் ஒரு அறுவடை நாள்.

பஸ்கா வாரத்தில் எருசலேமுக்கு வந்திருந்த கிரேக்கர் சிலர் இயேசுவைப் பார்க்க விரும்பியபோது, நிலத்தில் விழுந்து சாகிற கோதுமை மணியைப் பற்றி அவர் பேசினார். விதை சாவதில்லை, முளைக்கத்தானே செய்கிறது என்று பள்ளிக்கூடப் பையன்கூட மடக்குவான். தாவரவியல் கொஞ்சம் ஆழமாகப் போனால் விடை அவ்வளவு சுலபமல்ல. வாற்கோதுமை, கோதுமை மணிக்குள் பெரும்பகுதி மாவு. மணி முற்றும்போதே அந்த மாவுத் திசுவின் உயிரணுக்கள் செத்துவிடுகின்றன. மாவைச் சுற்றி மெல்லிய உயிருள்ள படலம் ஒன்று இருக்கிறது. ஈரம் பட்டதும் கருமுளை ஜிப்பெரெலின் என்ற ஹார்மோனை அனுப்புகிறது. அதைப் பெற்ற படலம் மாவைச் சர்க்கரையாக்கும் நொதிகளைச் சுரந்து கொட்டுகிறது. கொட்டி முடித்ததும் அந்தப் படலத்தின் உயிரணுக்கள் தம்மைத் தாமே அழித்துக்கொள்கின்றன. தாவரங்களில் திட்டமிட்ட உயிரணு மரணத்தைப் படிப்பவர்களுக்கு வாற்கோதுமையின் இந்தப் படலம் ஒரு பாடநூல் உதாரணம். கருமுளை பிழைப்பது சுற்றியுள்ளது செத்துக் கொடுப்பதால். உவமை சொன்னவர் உயிரணுவியல் வகுப்பு எடுக்கவில்லை, அதை நிரூபிக்க இதைக் கொண்டுவரவும் தேவையில்லை. இருந்தாலும் மடக்கிய பையனிடம் சொல்லலாம், அந்த வாக்கியம் தோன்றுகிற அளவுக்குத் தவறல்ல என்று.

இத்தனைக்கும் பிறகு சபை வயலை விட்டு வெளியேறியது. ஆசியா மைனரின் சபைகள் நீண்ட காலம் நிசான் பதினான்கையே, எந்தக் கிழமையானாலும், அனுசரித்தன. ரோமாபுரி ஞாயிறைப் பிடித்துக்கொண்டது. இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் சிமிர்னாவின் முதிய ஆயர் போலிகார்ப் ரோமாபுரிக்குப் போய் அங்கிருந்த ஆயர் அனிசேதுஸைச் சந்தித்தார். இருவரும் ஒத்துப்போகவில்லை, ஆனால் ஒன்றாக நற்கருணை வாங்கிப் பிரிந்தார்கள். அரை நூற்றாண்டுக்குள் அந்தப் பெருந்தன்மை கரைந்துபோனது. 325-இல் நிசேயா சங்கத்துக்குப் பிறகு பேரரசர் கான்ஸ்டன்டைன் அனுப்பிய கடிதம், யூதர்களைப் பார்த்துத் தேதி வைப்பது அவமானம் என்ற தொனியில் கசப்பாகப் பேசுகிறது. வானியலுக்கும் விசுவாசத்துக்கும் அந்தக் கசப்பு அவசியமாக இருக்கவில்லை. இயேசுவும் அவருடைய தாயும் சீஷர்களும் நிசானை எருசலேமின் மூப்பர்கள் அறிவித்த நாளில்தான் ஆசரித்தார்கள்.

கதிருக்குப் பதிலாக அலெக்சாந்திரியாவின் அட்டவணை வந்தது. மார்ச் 21-ஐச் சம இரவு நாளாக நிலையாக வைத்து, அன்றோ அதற்குப் பின்னரோ வரும் கணக்கு முழுநிலவுக்கு அடுத்த ஞாயிறு உயிர்ப்பு ஞாயிறு. ஆகவே அது மார்ச் 22-க்கு முன்னும் ஏப்ரல் 25-க்குப் பின்னும் வராது. அந்த நிலவும் வானத்து நிலவல்ல, 19 ஆண்டுச் சுழலில் எழுதிவைத்த நிலவு. ஜூலியன் ஆண்டு சற்று நீளம் என்பதால் பதினாறாம் நூற்றாண்டுக்குள் உண்மையான சம இரவு பத்து நாள் முந்தி வந்துவிட்டது. 1582-இல் அக்டோபர் 4-க்கு மறுநாளை 15 என்று அறிவித்துப் போப் கிரகோரி அதைச் சரிசெய்தார். கீழைச் சபைகள் பலவும் பழைய அட்டவணையை விடவில்லை. இந்தப் பிளவை ஆற்ற 1997-இல் சிரியாவின் அலெப்போவில் கூடிய ஆலோசனை, எருசலேமின் தீர்க்கரேகையில் உண்மையான வானியலைக் கொண்டே கணக்கிடலாம் என்று பரிந்துரைத்தது. நல்ல யோசனை, நடைமுறைக்கு வரவில்லை.

யூதர்களும் வயலை விட்டுவிட்டார்கள். ஆலயம் விழுந்து மக்கள் சிதறிய பிறகு எல்லா ஊருக்கும் ஆள் அனுப்பிச் செய்தி சொல்வது கடினமானது. நான்காம் நூற்றாண்டில் யூதத் தலைவர் இரண்டாம் ஹில்லேல் நிலையான கணக்கைக் கொடுத்தார் என்பது மரபு. அதில் மாதம் 29 நாள், 12 மணி, ஒரு மணியை 1,080 கூறாக்கினால் அதில் 793 கூறு. இன்றைய அளவீட்டோடு ஒப்பிட்டால் அரை விநாடி அளவுக்கே கூடுதல். இடைக்காலத்தில் கராயர்கள் என்ற யூதப் பிரிவினர் இந்தக் கணக்கை ஏற்காமல் இஸ்ரவேல் தேசத்துக் கதிரையே பார்த்தார்கள். இன்றும் நிசான் நெருங்கும்போது சிலர் அங்கே வயல் வயலாகப் போய்க் கதிரைச் சோதித்து அறிவிக்கிறார்கள்.

நிலைக்கணக்கில் மாதம் அவ்வளவு துல்லியம், ஆண்டு அப்படியில்லை. சூரிய ஆண்டைவிட அது ஏறக்குறைய ஆறரை நிமிடம் நீளம். இருநூற்றுச் சொச்சம் ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் பஸ்கா கோடையை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கிறது. ஹில்லேலின் காலத்திலிருந்து இதுவரை ஏழு நாளுக்கு மேல் நகர்ந்தாகிவிட்டது. 19 ஆண்டுச் சுழலில் மூன்று ஆண்டுகளில் பஸ்காவும் உயிர்ப்பு ஞாயிறும் ஏறத்தாழ ஒரு மாதம் விலகிப்போவது இதனால்தான். 2016-இல் அப்படி நடந்தது. 2024-இல் சபைகள் மார்ச் 31-இல் அல்லேலூயா பாடி முடித்த மூன்று வாரம் கழித்து, ஏப்ரல் 22 மாலையில் யூத வீடுகளில் புளிப்பில்லாத அப்பம் பரிமாறினார்கள். அடுத்தது 2027: உயிர்ப்பு ஞாயிறு மார்ச் 28, பஸ்கா ஏப்ரல் 21 மாலை. சம இரவுக்கு அடுத்து வரும் முதல் முழுநிலவு அந்த ஆண்டு மார்ச் 22-ஆம் தேதி. வயலை விட்டு முதலில் வெளியேறிய சபையின் அட்டவணைதான் அந்த நிலவைப் பிடிக்கிறது. யூதக் கணக்கைத் திருத்தக் கமாலியேலின் இடத்தில் உட்கார்ந்திருக்கும் மூப்பர் சபை ஒன்று வேண்டும் என்கிறது மரபு. ஆயிரத்து அறுநூறு ஆண்டாக அப்படி ஒன்று இல்லை.